வடை மட்டும் எதிர்வரிசைக்கு

ஸ்பைடர்மேன் விஷயத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2020 செப்டம்பரில் மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ் கேம் வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் பெட்டிகள், பிசி என்று எல்லாவற்றுக்கும். ஆனால் அதில் ஸ்பைடர்மேனாக ஆடும் வசதி மட்டும் பிளேஸ்டேஷன்காரர்களுக்குத்தானாம்! எல்லோரிடமும் மொய்யை வாங்கிக்கொண்டு பந்தியில் உட்காரவைத்து, வடையை மட்டும் எதிர்வரிசைக்குப் பரிமாறினால் எப்படி இருக்கும்? அந்த வடையும் 2021 நவம்பர் கடைசியில்தான் வந்தது. 2023இல் கேமையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்வரிசைக்காரனாவது நிம்மதியாகச் சாப்பிட்டானா என்றால், அதுவும் இல்லை.

சோனி தன் சொந்த ஸ்டூடியோவில் செய்த காட் ஆஃப் வார் கேமைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டால் எனக்குக் கோபமே வராது. அவர்கள் அடுப்பு, அவர்கள் அரிசி. இன்னொரு பெட்டிக் கம்பெனியான நின்டெண்டோ பணம் போட்டதால்தான் பேயோனெட்டா 2 என்று ஒரு கேமே வந்தது. சரி, நியாயம். ஆனால் எப்படியும் வரப்போகிற கேமுக்கு, எல்லாவற்றிலும் ஓடக்கூடிய கேமுக்குக் காசு கொடுத்து "அவனுக்குப் போடாதே" என்று சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் காசில் கேமில் ஒரு பிழை குறைந்ததா? ஒரு லெவல் கூடியதா?

பார்டர்லேண்ட்ஸ் 3 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் பிசியில் எபிக் கம்பெனியின் ஆன்லைன் கடையில் மட்டும். போட்டிக் கடையான ஸ்டீமுக்கு ஆறு மாதம் கழித்து. இதற்கு எபிக் ஒப்புக்கொண்ட தொகை 14.6 கோடி டாலர் என்று எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கின் ஆவணங்களில் பிறகு வெளியே வந்தது. 2018 டிசம்பரில் திறந்த அந்தக் கடையில், நாலு கேமைச் சேர்த்துப் போட்டு வாங்க ஒரு கூடை வந்ததே 2021 டிசம்பரில்தான். கூடை வைக்க மூன்று வருடம். பூட்டுப் போட மட்டும் கோடிக்கணக்கில் பணம்!

எக்ஸ்பாக்ஸ் ரசிகர்கள் ரொம்பக் குதிக்க வேண்டாம். 2014இல் கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சி மேடையில் ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் கேம் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். கூட்டம் கொதித்த பிறகுதான், ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு உண்டு என்று அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் வாயிலிருந்து வந்தது. முதலிலேயே சொன்னால் பெட்டி விற்காது, அதுதானே கணக்கு? பிளேஸ்டேஷன் 4க்கு (பிஎஸ்4) வந்தபோது 2016 அக்டோபர்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ். ஃபைனல் ஃபேன்டஸி 16 பிஎஸ்5இல் 2023 ஜூன், பிசியில் 2024 செப்டம்பர், எக்ஸ்பாக்ஸில் 2025 ஜூன். இரண்டு வருடம்! அதற்குள் யூடியூப் தம்ப்நெயில்களே யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பது வரை எனக்குச் சொல்லி முடித்துவிட்டன. கடைசியில் கேம் கைக்கு வந்தபோது, ஏற்கெனவே யாரோ நிரப்பி வைத்த குறுக்கெழுத்து மாதிரி இருந்தது.

"அப்ப பிஎஸ்5 வாங்கிடுறா" என்கிறான் நண்பன். இந்தியாவுக்கு வந்தபோதே அதன் விலை 49,990 ரூபாய். டிவிக்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்குத் தவணை முடிந்ததே போன மாதம்தான். இன்னொரு பெட்டியோடு வாசலில் நின்றால், அம்மா என் துணிப்பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.