பத்து மாடு வாங்கிப் பண்ணை போடலாமா?

வேலையை விட்டுவிட்டு மாட்டுப்பண்ணை வைக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கணக்கோடு வருகிறார்கள். மாட்டுக்கு இத்தனை லிட்டர், லிட்டருக்கு இத்தனை ரூபாய், பெருக்கல் முப்பது நாள். மாட்டைத் தண்ணிக் குழாய் என்று நினைத்துப் போடும் கணக்கு இது.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பாருங்கள். பால் சொசைட்டி இல்லாத ஊர் குறைவு. ஆனால் இங்கே நொடித்தவர்களில் பலரைக் கவிழ்த்தது பால் விலை இல்லை, சினைதான்.

மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். வருசத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கருப்பை தேற முதல் 50, 60 நாளை விட்டுவிடுங்கள். மிச்சம் ஒன்றிரண்டு பருவம்தான், அதாவது மாடு சினைக்குத் தயாராக நிற்கும் நேரம். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. ராத்திரி கத்தும், தெளிவாகச் சளி ஒழுகும், பக்கத்து மாட்டின் மேல் ஏறும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. பாலக்காட்டு வெயிலில் கலப்பின மாடு பல சமயம் சத்தமே போடாது. கவனிக்காமல் விட்டால் 21 நாள் தீவனம் தண்டம். புண்ணாக்கு விற்கும் விலையில் மூன்று தடவை தவறினால் அந்த ஈத்தின் லாபம் போச்சு. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாசம் கறவையை நிறுத்தினாலும் தீனியை நிறுத்த முடியாது. இதெல்லாம் அந்தப் பெருக்கலில் எங்கே இருக்கிறது?

பருவத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சாணி அள்ளும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிடும், "இன்னைக்கு ஊசி போட ஆள் கூப்பிடு" என்பாள். ஆனால் சொசைட்டி பாஸ்புக் அப்பா பெயரில். மாடு வாங்கக் கடனும் மானியமும் கிடைக்கும், மாட்டைக் கவனிக்கும் இந்தப் பார்வைக்குச் சம்பளம் எந்தத் திட்டத்திலும் கிடையாது. கூலிக்கு ஆள் வைத்துப் பத்து மாடு என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி யார் பார்ப்பார்கள் என்றுதான்.

சரி, ஆசை விடவில்லையா? இரண்டு மாட்டில் ஆரம்பியுங்கள். ஒன்று கறவையில், மற்றது ஆறு மாசச் சினையில் இருக்கட்டும். பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலைக்கு மயங்க வேண்டாம். முந்தின நாள் கறக்காமல் மடியை நிறைத்துக் கொண்டு வருவார்கள், அதனால் தொடர்ந்து மூன்று வேளை கறந்து பாருங்கள். சினை மாட்டுக்கு டாக்டரைக் கையோடு கூட்டிப் போங்கள். தரகர் சொல்லும் மாசத்தில் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.