"பார்க்கலாம்" என்று நான் சொல்லாததற்காக

நான் அக்கா என்று அழைக்கும் எழுத்தாளர் ஒருவர் நேற்று முன்தினம் வெளியிட்ட அந்தப் பதிவையும், அதோடு இணைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் என் பெயர் இல்லை. ஆனாலும் 11 பேர் இன்பாக்ஸுக்கு வந்து "இது உங்களைப் பற்றித்தானே?" என்று கேட்டுவிட்டார்கள். ஆம், என்னைப் பற்றித்தான். "மன்னியுங்கள் அக்கா, இந்தப் பணியை என்னால் செய்து தர இயலாது" என்று எழுதியவள் நானேதான். பழைய முகங்களை மறந்துவிட்டேன் என்று அந்த வரிக்கு ஒரு விளக்கமும், அந்த விளக்கத்தின் கீழே 80க்கும் மேற்பட்ட ஆறுதல் மொழிகளும், என்னை ஒரு நாளும் சந்தித்திராதவர்கள் என் குணத்தைப் பற்றி வழங்கிய தீர்ப்புகளும் இருக்கின்றன. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்வது உறவுக்குச் செய்யும் துரோகம் அல்ல. முடியாது என்று தெரிந்தும் "பார்க்கலாம்" என்று சொல்லி ஒருவரைக் காத்திருக்க வைப்பதுதான் துரோகம்.

என்னிடம் கேட்கப்பட்டது 312 பக்க நாவல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் வேலை. கொடுக்கப்பட்ட அவகாசம் ஐந்து நாள். "சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்பதுதான் கேட்ட வார்த்தை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் கேட்கும் வார்த்தை அது. ஒரு பார்வையில் மெய்ப்புப் பார்க்க முடியாது. "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான் என்று பொருள். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு 'க்'. அந்தப் புள்ளி வைத்த எழுத்துக்காகக் கண் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் நின்று நின்று நகர வேண்டும். கவனமாகப் பார்த்தால் என்னால் மணிக்கு 8 பக்கம் முடியும். 312 பக்கத்துக்கு 39 மணி நேரம், அதுவும் முதல் வாசிப்புக்கு மட்டும். ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த வேலைகளை ஒதுக்கிவைத்தால்தான் அந்த ஐந்து நாளில் அவ்வளவு நேரம் எனக்குக் கிடைத்திருக்கும். அப்படி ஒதுக்கியிருந்தால் அந்த வேலைகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

செய்தி வந்த மூன்று மணி நேரத்துக்குள் பதில் எழுதினேன். என் பதில் நான்கு வரிகள். ஸ்கிரீன்ஷாட்டில் மூன்றுதான் இருக்கின்றன. நான்காவது வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

"உடுக்கை இழந்தவன் கைபோல" என்ற குறளைப் பின்னூட்டத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஆடை நழுவும்போது கை எப்படி நினைக்கும் முன்பே ஓடுகிறதோ, அப்படித் துன்பம் களைவதுதான் நட்பு, மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் அங்கே சொல்வது இடுக்கண், அதாவது துன்பம். ஒருவர் மருத்துவமனையிலிருந்து அழைத்தால் நான் நேரம் கணக்குப் பார்க்க மாட்டேன், பார்த்ததும் இல்லை. அச்சகத்துக்குத் தேதி கொடுத்துவிட்ட பிறகு மெய்ப்புப் பார்க்க ஆள் தேடுவது அவசரம்தான், ஆனால் இடுக்கண் ஆகாது. ஒருவருடைய அவசரம் எல்லாம் இன்னொருவருடைய கடமையாகிவிடும் என்றால், அந்தக் குறளில் வரும் கை ஒருவருக்கு மட்டும் சொந்தமான கையாகிவிடும்.

குறளை எடுத்தவர்கள் அதே பழைய ஏட்டுக் கட்டிலிருந்து இன்னொரு பாட்டையும் எடுத்திருக்கலாம். புறநானூற்றின் 196ஆம் பாட்டு. பாடியவர் ஆவூர் மூலங்கிழார். பரிசில் கேட்டுப் போன இடத்தில் பாண்டியன் நன்மாறன் கொடுக்கவும் இல்லை, இல்லையென்று சொல்லவும் இல்லை. காலத்தை நீட்டிக்கொண்டே போனான். புலவர் அவன் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான்: முடிவதை முடியும் என்று சொல்வதும், முடியாததை இல்லை என்று மறுப்பதும் இரண்டுமே நட்பின்பாற்பட்டவை, முடியாததை முடியும் என்று சொல்வதும், முடிவதை இல்லை என்று மறுப்பதும் கேட்டு வந்தவரை வாட்டுபவை, கொடுப்பவரின் புகழையும் குறைப்பவை. அந்தப் பாட்டில் மறுப்பு எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேட்டு, கிடைக்காமல், வறுமையோடு வீடு திரும்பிய ஒரு மனிதர் சொல்கிறார், இல்லாததை இல்லை என்பது கேண்மை, அதாவது நட்பு என்று. கேட்டவரே சொன்னது என்பதால்தான் அதை இங்கே எடுத்து வைக்கிறேன். மறுப்பதற்குப் பரிந்து மறுத்தவர் எழுதியிருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

இது எனக்குப் பாடத்தில் படித்து வந்த அறிவு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்க என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டான். அவனுடைய வேலையைப் பற்றி மனமாரச் சிறப்பாக எழுத எனக்கு அப்போது எதுவும் இல்லை. அதைச் சொல்ல மனம் வரவில்லை. "பார்க்கலாம் தம்பி, எழுதித் தருகிறேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து, ஏதோ நல்லது செய்துவிட்டதாக நானும் மகிழ்ந்தேன். ஒரு வாரம் கழித்து நினைவூட்டினான். "நினைவிருக்கிறது" என்றேன். இன்னொரு வாரம் கழித்து, "நாளைதான் கடைசி நாள் அக்கா" என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை இரண்டு நீலக் குறிகள் அவனுக்குச் சொல்லியிருக்கும். பதில் எழுதாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முதல் நாளே "என்னால் எழுத இயலாது தம்பி, வேறு யாரையாவது கேள்" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு இரண்டு வாரம் இருந்தது. வேறு யாரையாவது கேட்டிருப்பான். நான் கொடுத்த "பார்க்கலாம்" அந்த இரண்டு வாரத்தையும் விழுங்கியது. அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எதிரில் வந்தால் இன்றும் வணக்கம் சொல்கிறான், அவ்வளவுதான். என்னைத் திட்டி ஒரு பதிவு போட்டிருந்தால்கூட நான் ஏற்றிருப்பேன். அன்று நான் அதற்குத் தகுதியானவள். இன்று எதற்காகத் திட்டப்படுகிறேன் என்றால், அன்று செய்த தவறை இப்போது செய்யாததற்காக.

"மறுக்கட்டும், ஆனால் காரணம் சொல்லியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் காரணம் சொன்னால் என்ன நடக்கிறது என்பதை மறுத்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். நேரமில்லை என்றால், "எவ்வளவு நேரம் வேண்டும், இரண்டு நாள் கூட எடுத்துக்கொள்" என்பார்கள். வேறு வேலை இருக்கிறது என்றால், "அது என்ன வேலை, அதைத் தள்ளிப்போட முடியாதா" என்பார்கள். உடல் சரியில்லை என்றால், மறுநாள் நாம் எங்காவது சிரித்துக்கொண்டு நிற்கும் படம் தேடி எடுக்கப்படும். காரணம் சொன்ன அடுத்த கணமே அந்தக் காரணம் போதுமா போதாதா என்று எடைபோடும் வேலை எதிரில் இருப்பவரிடம் போய்விடுகிறது. பொய்க் காரணம் சொல்லித் தப்பிப்பவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் நான்கு பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். அந்த வாரம் என் வீட்டில் என்ன நிலை என்பதை அன்றும் எழுதவில்லை, இவ்வளவுக்குப் பிறகு இன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பலர் என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதாமல் விடுகிறேன். துயரத்தைக் காட்டினால்தான் மறுப்பதற்கு அனுமதி கிடைக்கும் என்ற வழக்கத்துக்கு நானும் ஒரு செங்கல் எடுத்து வைக்க மாட்டேன்.

எழுத்தில் சொல்லாமல் போனில் சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். சரி, இதை ஏற்கிறேன். குரலில் இருக்கும் தயக்கமும் அன்பும் எழுத்தில் தெரிவதில்லை. போனில் பேசியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கவும் முடியாது.

கேட்பவர் இடத்தில் நின்றும் பார்த்தேன். 2008இல் பிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் அறியாதவர்களிடம் போய் ஒரு வினாப்பட்டியலை நிரப்பித் தரும்படி கேட்க வேண்டும். ஐந்து பேரை நிரப்ப வைக்க எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போகிறவர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். ஏறத்தாழ 20 பேரை என்றார்கள். உண்மையில் அதில் பாதிப் பேரைக் கேட்டதுமே ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள். இதற்கு அந்த ஆய்வாளர்கள் கண்ட காரணம்தான் முக்கியமானது: முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு கடினம் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒருவரிடமே மறுக்க முடியாமல் மனிதர்கள் தலையாட்டுகிறார்கள் என்றால், அக்கா என்று அழைத்துப் பழகிய ஒருவரிடம் இயலாது என்று எழுத எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? மூன்று மணி நேரத்துக்குள் பதில் எழுதினேன் என்றேனே, அந்த மூன்று மணி நேரமும் அந்த நான்கு வரிகளை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். எளிதாக உதறிவிட்டுப் போனதாக எழுதியவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ஜூலியன் கிவி, கொலீன் கிர்க் ஆகிய இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. ஓர் அழைப்பை மறுப்பவர்கள், அழைத்தவர் எவ்வளவு வருந்துவாரோ என்று அஞ்சுகிறார்களே, அந்த அளவுக்கு அழைத்தவர்கள் வருந்துவதில்லையாம். முன்பு அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் இயலாது என்று எழுதிய அன்று அதை நினைத்துத்தான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அவர் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். என் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

இப்போது வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவின் கீழே ஒருவர், "காசு கேட்டிருப்பார்கள், கொடுத்திருந்தால் உடனே முடித்திருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறார். அக்கா அதற்கு ஒரு விருப்பக்குறி இட்டிருக்கிறார். எங்கள் உரையாடலில் பணம் என்ற சொல்லே இல்லை. இந்த முறை மட்டுமல்ல, ஒன்பது ஆண்டுகளாக இல்லை. அவருடைய முதல் இரண்டு புத்தகங்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவள் நான். முன்னட்டையில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று நள்ளிரவில் அழைத்து அச்சை நிறுத்தச் சொன்னவளும் நான். நன்றி எதிர்பார்த்துச் சொல்லவில்லை. செய்த அன்றே அதை மறந்தும் விட்டேன். ஆனால் ஒன்பது ஆண்டுகளில் எத்தனை முறை "சரி அக்கா" என்று எழுதியிருப்பேன்? அந்தச் "சரி"களில் ஒன்றையாவது யாராவது படம் எடுத்துப் போட்டார்களா? ஒரே ஒரு "இயலாது" வந்ததும் அது மட்டும் எப்படிச் சாட்சியாகிவிடுகிறது? அப்படியானால் இத்தனை காலம் என்னிடம் இருந்தது பிரியமா, அல்லது எப்போதும் கிடைக்கும் என்ற உறுதியா? இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடிக்காத பதில் வந்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக அவரை அழைக்காமலும் இருக்கிறேன்.

"கேட்பதே தவறா?" என்று கேட்பீர்கள். தவறே இல்லை. கேட்கும் உரிமை இருப்பதால்தான் உறவு. எனக்கும் வேண்டியிருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். சிலர் முடியாது என்றிருக்கிறார்கள். அவர்களோடு இன்றும் உட்கார்ந்து பேசுகிறேன். கேட்கும் உரிமை ஒருவருக்கு இருக்கும் அதே உறவில் மறுக்கும் உரிமை மற்றவருக்கு இல்லையென்றால், அது கேட்பதே ஆகாது, கட்டளைதான்.

கடைசியாக அந்த நான்காவது வரி. "முதல் அத்தியாயத்தை மட்டும் அடுத்த வாரம் பார்த்துத் தருகிறேன் அக்கா, மீதிக்கு வேண்டுமானால் நன்றாகச் செய்யக்கூடிய இருவரின் எண்களை அனுப்புகிறேன்." இதுதான் வெட்டப்பட்ட வரி. இருவரின் எண்களும் அன்றே தயாராக இருந்தன. "அனுப்பு" என்ற ஒரு சொல் வரவில்லை.

அந்த அத்தியாயத்தை நேற்றிரவு பார்த்து முடித்துவிட்டேன். 26 பக்கம். வழக்கம்போல் அச்செடுத்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து, மேசையில் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். என்னென்ன குறித்திருக்கிறேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது நம் இருவருக்குள் இருக்க வேண்டியது. அனுப்பட்டுமா, அக்கா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவில்லை. வருத்தம் இருக்கும், தாங்கிக்கொள்வேன். "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.