பூட்டுன பீரோவ தொறந்து விடுங்க

எழுத்துக்கூட்டி படிக்க வராத யூகேஜி பசங்களுக்கு லைப்ரரி பீரியட் வேஸ்ட்னு நிறைய ஸ்கூல்ல சொல்றாங்கன்னு எழுதிருக்கீங்க, நான் லைப்ரரி பாத்துக்கற ஸ்கூல்லயும் முன்னாடி இதே பேச்சுதான். ஜப்பான்ல கமிஷிபாய்னு ஒண்ணு உண்டு, சின்ன மரச்சட்டத்துக்குள்ள பட அட்டைகள அடுக்கி வச்சு ஒவ்வொண்ணா உருவிக்கிட்டே கதை சொல்வாங்க, படம் பசங்க பக்கம், எழுத்து அட்டைக்குப் பின்னாடி சொல்றவங்க பக்கம். 1930கள்ல சைக்கிள்ல வச்சு தெருத்தெருவா போய் மிட்டாய் வித்துக்கிட்டே கதை சொல்லிருக்காங்க! அதே மாதிரி நாங்க பழைய அட்டைப்பெட்டில ஒண்ணு செஞ்சு கானா நாட்டு அனான்சி சிலந்தி கதைய சொன்னோம், கதையெல்லாம் வானத்து சாமிகிட்ட இருக்கு, அத வாங்க அந்த சிலந்தி மலைப்பாம்பு சிறுத்தை குளவின்னு ஒவ்வொண்ணையும் தந்திரமா புடிச்சு குடுக்கும். குளவி வரப்போ ஒருத்தன் காத பொத்திக்கிட்டான். ஒரு வாண்டு எந்திரிச்சு "மிஸ் இது காக்காகிட்ட வடைய புடுங்குன நரி மாதிரி"ன்னா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எங்கயோ ஆப்பிரிக்காவுல இருக்கற கதைய நம்ம பாட்டி வடைக் கதையோட தானா சேத்துட்டா பாருங்க. புக் வாங்க பணம் இல்லன்னா ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ் படக்கதைங்க ஃப்ரீயாவே இருக்கு, பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, பிரிண்ட் எடுத்துக்கலாம். ஆனா தயவுசெஞ்சு கிழிச்சிடுவாங்கன்னு புக்க பீரோல பூட்டாதீங்க, கிழிஞ்சா டேப் ஒட்டிக்கலாம், பசங்க கைக்கு எட்டற தட்டுல அட்டைப்படம் தெரியற மாதிரி வைங்க.