'கிடப்பதே' என்றால் சும்மா கிடப்பது இல்லை

அண்ணே, "கஷ்டம் வந்தால் ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கணும், அப்பரே 'கிடப்பதே' என்றுதான் பாடினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரியைப் பாதியில் வெட்டிவிட்டீர்கள். "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்பதுதான் முழுசு. திருக்கடம்பூர்ப் பதிகம், ஐந்தாம் திருமுறை. 'பணிசெய்து கிடப்பது' என்றால் வேலையை விடாமல் செய்துகொண்டே இருப்பது. தாங்குகிற பொறுப்பை மட்டும்தான் சிவனிடம் விடுகிறார்.

எந்தச் சிவன் கோயிலிலும் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள், அப்பர் தோளில் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய மனுஷன். சூலை நோய் (கடும் வயிற்றுவலி) வந்தபோதும் வாய்மூடிப் பொறுக்கவில்லை; "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று திருவதிகையில் முறையிட்டுத்தான் பாடவே ஆரம்பித்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கறுத்துப்போன வலையை வாசலில் விரித்து, தேறாத பாகத்தை வெட்டிப் போட்டுவிட்டு மீதியை ஊசியும் நரம்புமாகத் தைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் பிசுக்கு. "வடிவுடையம்மா பார்த்துக்குவா" என்றார் (வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் போகிறவர்). அப்புறம் நிவாரண மனுவை என்னிடம் நீட்டி, "படகு நம்பர் சரியா இருக்கான்னு பாரு" என்றார். ஒரு எண் தப்பாக இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.