ரேஸ் டிரைவர்களும் சிமுலேட்டரும்: ஒரு திருத்தம்

அண்ணே, தொழில்முறை ரேஸ் டிரைவர்கள் யாரும் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் (ஸ்டீயரிங், பெடல் வைத்துத் திரையைப் பார்த்து ஓட்டும் கருவி) பயிற்சி எடுப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மண்டபம், கீழக்கரைப் பசங்க குரூப்களிலும் அது சுற்றுகிறது. மன்னிக்கவும், அது சரியில்லை.

ஃபார்முலா ஒன் என்ற உலக கார் பந்தயத் தொடரில் நினைத்த நேரம் காரை எடுத்து ஓட்டிப் பழக முடியாது. 2009 முதல் சீசன் நடுவே சோதனை ஓட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு. 2024 சீசனுக்கு முன் பஹ்ரைனில் எல்லா அணிகளுக்கும் சேர்த்துக் கிடைத்ததே 3 நாள்தான். அதனால் எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, காரின் எந்த செட்டப் (இறக்கை, சஸ்பென்ஷன் போன்றவற்றை அமைக்கும் விதம்) ஒத்துவரும் என்பதையெல்லாம் அணியின் சிமுலேட்டரில்தான் பார்க்கிறார்கள். அதற்கென்றே தனி டிரைவர்களும் உண்டு. வளைவில் கழுத்தை இழுக்கும் விசையை அது முழுசாகத் தராது, உண்மைதான். ஆனால் பயிற்சியே இல்லை என்பது தவறு.

தங்கச்சிமடத்தில் என் அக்கா மகன் வீட்டிலேயே சிமுலேட்டரில் ஓட்டிப் பழகுகிறவன். உப்புக்காற்றில் அதன் பெடல் போல்ட் துருப்பிடிக்காமல் இருக்க தினமும் எண்ணெய் தொட்டுத் துடைப்பான். உங்கள் பதிவைப் படித்ததும் ஸ்டீயரிங்கை மேசையிலிருந்து கழற்றி வைத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் இணையதளத்தில் ஃபார்முலா ஒன் விதிப்புத்தகம் இலவசம். சோதனை ஓட்டம் பற்றிய பகுதியைப் பாருங்கள். ஃபார்முலா ஒன் சாம்பியன் பட்டம் வென்ற டிரைவர் வெர்ஸ்டாப்பன் வீட்டு சிமுலேட்டரில் ஆன்லைன் ரேஸ் ஓட்டும் பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. பார்த்துவிட்டு மேலே உள்ள வரியைத் திருத்தினால் நன்றாயிருக்கும், அண்ணே.