போலீஸ் வேலையை விட்டவர் தேர்தலில் நிற்க இரண்டு வருஷம் காத்திருக்கணுமா?

மேலே அண்ணன் ஒருவர், "ஐபிஎஸ் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகாமல் தேர்தலில் நிற்க முடியாது, அதனால்தான் அண்ணாமலை 2019-ல் விலகி 2021-ல் நின்றார்" என்று எழுதியிருக்கிறார். அது தவறு அண்ணே. அப்படியொரு சட்டமே கிடையாது. 2021-ல் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அவர் அரவக்குறிச்சியில் நின்றார், அவ்வளவுதான்.

அசீம் அருணைப் பாருங்கள். கான்பூர் போலீஸ் கமிஷனராக இருந்தவர். 2022 ஜனவரியில் விருப்ப ஓய்வு கேட்டார். மார்ச்சில் கன்னௌஜ் எம்எல்ஏ! இரண்டு வருஷ விதி இருந்தால் அவர் மனுவே தள்ளுபடியாகியிருக்கும். இப்படி இடைவெளி வேண்டும் என்று போடப்பட்ட வழக்கையும் அதே 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி தனியார் கம்பெனியில் சேரத்தான் ஒரு குறிப்பிட்ட காலம்வரை அரசு அனுமதி வேண்டும். முன்பு இரண்டு வருஷம், இப்போது ஒரு வருஷம். தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எஸ்.ஐ.யான தன் சித்தப்பா தேர்தலில் நிற்கலாமா என்று திருமங்கலத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: உங்கள் சித்தப்பா சட்டமன்றத்துக்கு நிற்கலாம். ஆனால் ராஜினாமா கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, அது ஏற்கப்பட்ட உத்தரவு மனுத்தாக்கலுக்கு முன்பே கையில் இருக்கணும். ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமில்லாமல் நடந்ததற்காகவோ டிஸ்மிஸ் ஆனவர்களுக்குத்தான் ஐந்து வருஷத் தடை. தயவுசெய்து இந்த இரண்டு வருஷக் கதையை நம்பி அவரைத் தடுத்துவிடாதீர்கள்.