மிரட்டி வாங்கினால் அது ராஜினாமாவா?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு ஐ.டி. கம்பெனி ஊழியர்களிடம் மிரட்டி ராஜினாமா வாங்கிய விஷயத்தை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொருவராக மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு, எச்.ஆரே (மனிதவளத் துறை) டைப் செய்த ராஜினாமாவை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்து போடாவிட்டால் ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து முறைப்படி விடுவித்த கடிதம்) கிடையாதாம். மிரட்டி வாங்கியது ராஜினாமா ஆகாது.

ஏன் ராஜினாமாதான் வேண்டும் என்கிறார்கள்? ஆட்குறைப்பு என்று எழுதினால், ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்தச் சம்பளம், அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தானாகவே போனார் என்று காகிதம் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். அந்தக் காகிதத்தைத் தயாரிக்கவா எச்.ஆர்.?

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நலனைப் பார்க்கும் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தவன். 500 பேர் வேலை செய்தால் அந்தப் பதவி இருந்தே ஆக வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். ஒருமுறை செம்புக் கம்பி காணாமல் போனது. ஒரு வெல்டரை அன்றைக்கே அனுப்பச் சொன்னார் முதலாளி. “சார்ஜ் ஷீட் கொடுத்து விசாரிக்கணும் சார்” என்றேன். எல்லோர் முன்னாலும் திட்டினார். விசாரணையில் ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினால், கம்பி போன அன்று அந்த மனுஷனுக்கு வார விடுமுறை! விசாரிக்காமல் விட்டிருந்தால் திருடன் என்ற பெயரோடு போயிருப்பார்.

“எச்.ஆரும் சம்பளக்காரர்தானே” என்பீர்கள். தெரியும், அவர்களுக்கும் இ.எம்.ஐ. இருக்கிறது. ஆனால் இது சட்டப்படி தப்பு என்று மேலிடத்துக்கு ஒரு மெயில்கூடவா போட முடியாது? கம்பெனி நஷ்டமா? சரி, ஆளைக் குறையுங்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்புங்கள். “ஐ.டி.க்காரர் தொழிலாளியே இல்லை, இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்ல, விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

“உங்க காலம் வேற சார்” என்று போன பதிவில் ஒரு எச்.ஆர். தம்பி எழுதியிருந்தார். வலித்தது. அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் கையெழுத்து போடச் சொல்லிப் பேனாவை நீட்ட எந்தக் காலத்திலும் எனக்குக் கை வந்திருக்காது, தம்பி.

கையெழுத்து போட்டுவிட்டவர்கள், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று சொந்த மெயிலிலிருந்து இன்றைக்கே கம்பெனிக்கு எழுதுங்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மனு எழுத வராவிட்டால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.